ரிவர்ஸ் விளக்கு எரிந்ததைப் பார்த்தவர்

பிரேக் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த மூன்றாம் மாதமே அது காணாமல் போய்விட்டது. பயிற்சிக் காரில், கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக்கும் க்ளட்சும் இருக்கும். மாணவர் சொதப்பினால் அந்த பிரேக்தான் எல்லோரையும் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பும். பதினான்கு வருடங்களாக அக்காவின் வலது கால் அதன் மேல்தான் இருக்கிறது. எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "நீங்க எங்க வேணா பாருங்க, எதை வேணா மிதிங்க. நான் இருக்கேன்." அன்று நான் ஒரு தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அவர் இருந்தார்.

பள்ளியில் சேர்வதற்கு முன்பு அக்கா ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவைக்கு ஏற்றிப்போகும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுகிறவர். ஒரே மகள் வெளியூரில் நர்சிங் படிக்கிறாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. டிவியில் யாராவது காரை வேகமாக ஓட்டினால் சோபாவில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கால் தானாகத் தரையை அழுத்தும். "கீழ் வீட்டுக்காரங்க தலையில போய் நிக்கப்போற" என்பார் கணவர்.

தன் மாணவர்களிலேயே மோசமானவர் யார் என்று கேட்டால் அக்கா யோசிக்க மாட்டார். யூனிஃபார்ம் டெய்லர்தான். வயது ஐம்பத்தெட்டு. மனைவிக்கு முட்டி தேய்ந்துபோய் மாடிப்படி இறங்கி பஸ் ஏற முடியவில்லை என்பதால் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். முப்பது வருடமாகப் போலீஸ் குடியிருப்புக்கு எதிரே கடை. தைப்பதில் முக்கால்வாசி போலீஸ் உடுப்பு. அக்காவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆனால் அவருக்கும் அவர் அக்காதான். அரைக்கால் இஞ்ச் பிசகைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிற மனிதருக்கு க்ளட்ச் எங்கே இருக்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. வண்டியை நிறுத்தும்போது பிரேக்கை மட்டும் மிதித்து க்ளட்சை மறந்துவிடுவார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆகும். ஆன உடனே "மன்னிச்சுக்குங்க" என்பார். பல சமயம் அதை வண்டியிடம்தான் சொல்வார்.

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அக்கா ஒரு நோட்டில் குறிப்பு எழுதுவார். டெய்லரின் பக்கத்தில் முதல் பாடத்திலிருந்து பத்தாம் பாடம் வரை ஒரே வாக்கியம்தான் இருந்தது: "நிறுத்தும்போது க்ளட்ச் மறந்தார்."

பதினோராவது பாடம் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு. பாலத்தில் பழுது வேலை நடந்துகொண்டிருந்ததால் இரண்டு வரிசை வண்டிகள் ஒரே வரிசையாகக் குறுகிப் போக வேண்டியிருந்தது. இவர்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன். அதற்குப் பக்கத்து வரிசையில் ஒரு சாம்பல் நிறக் கார். குறுகுகிற இடத்தில் வேன் நுழையப் பார்த்தது. கார் வழிவிடவில்லை. வேன் தொடர்ந்து நுழையப் பார்த்தது. கார் தொடர்ந்து வழிவிடவில்லை. இரண்டின் பக்கக் கண்ணாடிகளும் உரசி, காருடைய கண்ணாடி மடங்கிக்கொண்டது. பிறகு கார் முன்னால் போக வேன் பின்னால் போயிற்று. "பாத்தீங்களா அண்ணே, இதுதான் செய்யக்கூடாதது" என்று அக்கா டெய்லரிடம் சொன்னார். பாடம் நடந்துகொண்டிருந்தது.

நூறு மீட்டர் தள்ளி சிக்னலில் சிவப்பு விழுந்தது. முதலில் சாம்பல் கார், அதன் பின்னால் வேன், அதற்கும் பின்னால் பயிற்சிக் கார். டெய்லர் வழக்கம்போல முன் வண்டிக்கும் தமக்கும் நடுவே இன்னொரு வண்டி நிற்கிற அளவு இடம் விட்டு நிறுத்தினார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. "மன்னிச்சுக்குங்க" என்றார். அக்கா பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார்.

சாம்பல் காரிலிருந்து டி-ஷர்ட் போட்ட ஒருவர் இறங்கி வந்து வேனின் பானட்டை உள்ளங்கையால் இரண்டு தரம் அடித்தார். வேனிலிருந்து நீலச் சட்டைக்காரர் இறங்கினார். சட்டை முதுகில் ஒரு லிஃப்ட் கம்பெனியின் பெயர் அச்சிட்டிருந்தது. இருவரும் பேசியது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் நேராகப் போய்க் காரின் மடங்கிய கண்ணாடியைத் தன் கையாலேயே நிமிர்த்தி விட்டு, அவ்வளவுதானே என்பதுபோலக் கையை விரித்தார். அதுதான் டி-ஷர்ட்காரருக்குப் பொறுக்கவில்லை என்று அக்கா நினைக்கிறார். ஓர் அறை விழுந்தது. மெக்கானிக் மார்பில் கைவைத்துத் தள்ளினார். டி-ஷர்ட்காரரின் கறுப்புக் கண்ணாடி கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து, உடைந்திருக்கிறதா என்று பார்த்து, சட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதற்குள் மெக்கானிக் வேனில் ஏறிவிட்டார்.

முன்னால் கார் நின்றது. போக வழி பின்னால்தான். வேனின் பின்பக்கம் இரண்டு வெள்ளை விளக்குகள் எரிந்தன. ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் எரிகிற விளக்குகள். வேன் தங்களை நோக்கி வர ஆரம்பித்ததும் அக்கா ஒரு கையால் ஹாரனை அழுத்தி, "ரிவர்ஸ் போடுங்க அண்ணே, பின்னால எடுங்க" என்றார். டி-ஷர்ட்காரர் வேனுக்கு முன்னால் நின்றுகொண்டு, சட்டையைத் தூக்கி, இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து மூன்று முறை சுட்டார். வேன் வந்த வேகத்தில் வந்து பயிற்சிக் காரின் மூக்கில் இடித்து நின்றது.

அக்கா இறங்கி ஓடினார். பயமாக இல்லையா என்று பிறகு பலர் கேட்டார்கள். அவருக்கு நினைவில் இருப்பது, கதவைத் திறப்பதற்கு முன்னால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தது மட்டும்தான். மெக்கானிக் ஸ்டீயரிங் மேல் சாய்ந்திருந்தார். நெஞ்சிலும் கழுத்திலும் பட்டிருந்தது. அக்கா தன் துப்பட்டாவால் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பக்கத்து இருக்கையில் கிடந்த அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் ஏதோ ஒரு கட்டடத்தின் காவலாளி. லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரமாகிறது, எங்கேதான் இருக்கிறீர்கள் என்று கத்தினார். அக்கா, அவரால் வர முடியாது, வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்றார். இப்படிச் சொன்னால் எப்படி, காலையில் வருகிறேன் என்றுதானே சொன்னார் என்றார் காவலாளி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் மெக்கானிக் இறந்துபோனார். வயது முப்பத்தொன்பது.

சுட்டவர் தன் காரில் சாய்ந்துகொண்டு யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். டெய்லர் இருக்கையை விட்டு அசையவே இல்லை. அக்கா திரும்பி வந்தபோது மெதுவான குரலில், "அவர் என் கஸ்டமர். இடது தோள் அரை இஞ்ச் தாழ்வு. பேட் வச்சுத்தான் தைப்பேன்" என்றார். அப்போதுதான் அந்த ஆள் காவலர் என்பது அக்காவுக்குத் தெரிந்தது. அன்று அவருக்கு வார விடுமுறை.

பத்தே நிமிடத்தில் போலீஸ் வந்துவிட்டது. போக்குவரத்து நெரிசல் கருதி மூன்று வண்டிகளையும் உடனே ஓரம் கட்டினார்கள். எது எங்கே நின்றது என்று அதன் பிறகுதான் அளந்தார்கள்.

ஸ்டேஷனில் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். அக்காவிடம் வாக்குமூலம் எழுதியவர் மரியாதையானவர். தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியைத் திருப்பி வைத்தார். அக்கா சொன்னதையெல்லாம் எழுதிவிட்டு, "வேனின் பின் விளக்கு எரிந்தது" என்று ஒரு வரி போட்டார். ரிவர்ஸ் விளக்கு என்று எழுதுங்கள் என்றார் அக்கா. எல்லாம் பின்னால் இருக்கிற விளக்குதானே என்றார் அவர். சிவப்பாக எரிந்தால் நிற்கிறான், வெள்ளையாக எரிந்தால் பின்னால் வருகிறான், இதை நான் தினமும் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார் அக்கா. மூன்று முறை எழுதி மூன்று முறை படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. பக்கத்து அறையில் டெய்லருக்கு இருபது நிமிடம்தான் ஆனது. அவர் படித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. பயிற்சி வண்டி பின்னாலிருந்து மோதியதில் வேன் திடீரென்று முன்னால் பாய்ந்ததாகவும், வேனுக்கு எதிரே நின்ற காவலர் உயிர் பயத்தில் சுட நேர்ந்ததாகவும் இருந்தது. பயிற்சி வண்டியை ஓட்டியவரே இதை ஒப்புக்கொண்டிருப்பதாகக் கடைசி வரி.

பள்ளி முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எதற்கு என்றார் அக்கா. ஓய்வுக்கு என்றார் முதலாளி. தனக்குக் களைப்பாக இல்லை என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த பாடத்துக்குப் போனார். அந்த வாரம் பயிற்சிக் காரை நான்கு இடங்களில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. நான்காவது தடவை முதலுதவிப் பெட்டியில் பஞ்சு குறைவாக இருப்பதாக எழுதிக்கொண்டார்கள். வீட்டு போனில் யாரோ கூப்பிட்டு, பெண்பிள்ளை வெளியூரில் படிக்கிறாள் போலிருக்கிறதே என்று கேட்டார்கள். கணவர்தான் எடுத்தார். ஆமாம், நர்சிங், இரண்டாம் வருடம் என்று பதில் சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் அது எதற்கான கேள்வி என்று புரிந்தது. "நீ சொன்னதை மாத்தப்போறியா?" என்று கேட்டார். அக்கா இல்லை என்றதும், சரி என்று சொல்லி, மகளுக்கு போன் போட்டு விடுதியை விட்டுத் தனியாக வெளியே போகாதே என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா டெய்லர் கடைக்குப் போனார். கடை முழுக்கக் காக்கி. சுவரோரக் கம்பியில் தைத்து முடித்த கால்சட்டைகள் வரிசையாகத் தொங்கின. டெய்லர் மேஜையில் துணியை விரித்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும், தாம் ஒரு கொலைக்குக் காரணமாகிவிட்டதாகவும், மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றும் சொன்னார். அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே தாம்தான் வேனை இடித்துத் தள்ளினோம் என்று நம்பிக்கொண்டிருந்தார். பதினோரு பாடமாகச் சாலையில் நடந்த எல்லாத் தப்பும் அவருடையதாகவே இருந்திருக்கிறது. இதுவும் அப்படித்தான் என்று போலீஸ் சொன்னபோது மறுக்க அவருக்குத் தோன்றவில்லை.

"என் கால் எதை மிதிச்சுதுன்னு எனக்கு எப்ப அக்கா தெரிஞ்சிருக்கு?"

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் ரிவர்ஸ் போடச் சொன்னேன்ல, அப்ப முதல்ல என்ன செஞ்சீங்க?"

டெய்லர் யோசித்தார். வலது கையை முன்னால் நீட்டி, காற்றில் எதையோ திருகினார். "சாவியைத் திருப்பினேன்."

"எதுக்கு சாவியைத் திருப்புனீங்க?"

டெய்லர் கத்தரிக்கோலைத் திறந்து மூடினார். பிறகு, வெட்கத்தோடு, "வண்டி ஆஃப் ஆகியிருந்துச்சு" என்றார்.

"எப்ப ஆஃப் ஆச்சு?"

"நிறுத்தினப்பவே. எப்பவும் போல."

"ஆஃப் ஆன வண்டி போய் யாரையாவது இடிக்குமாண்ணே? அதுவும் என் கால் பிரேக்கு மேல இருக்கும்போது?"

டெய்லர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதைத் தாம் ஸ்டேஷனிலும் சொன்னதாகவும், வண்டி ஓட்டத் தெரியாதவர் பேச்சை யார் கேட்பது என்று வாக்குமூலம் எழுதியவர் சிரித்ததாகவும் சொன்னார். கூடச் சேர்ந்து தாமும் சிரித்தாராம். பிறகு சுவரோரம் தொங்கிய கால்சட்டைகளைக் காட்டி, "நாற்பத்திரண்டு. அதுல சுட்டவரோடதும் ரெண்டு இருக்கு" என்றார். அக்கா, அவர் முடிவை அவரே எடுக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம், ஸ்டீயரிங் தன் கையில் இருந்தும், தன் வலது கால், அங்கே இல்லாத அந்தப் பயிற்சிப் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்ததாக என்னிடம் சொன்னார்.

இறந்தவரின் மனைவி மனுப் போட்டதில் விசாரணை உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து வேறொரு அதிகாரிக்கு மாறியது. அவர் முதல் வேலையாக வேனைப் போய்ப் பார்த்தார். அது ஒரு கிடங்கில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. ஓரம் கட்டிய போலீஸ்காரர்கள் அதைத் தள்ளித்தான் நகர்த்தியிருந்தார்கள். கியர் நியூட்ரலில் இருந்தது. அதனால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை. டெய்லர் நாற்பத்திரண்டையும் தைத்து முடித்துக் கொடுத்துவிட்டு, ஐந்து வாரம் கழித்துத் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வாடகை வண்டியில் அந்த அதிகாரியிடம் போனார். தாம் கையெழுத்துப் போட்டது தப்பு என்றும், இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுப் போடுவதாகவும் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து போலீஸ் உடுப்பு எதுவும் அவர் கடைக்கு வரவில்லை. கடை எதிரிலேயே இருந்தும் அவர்கள் நான்கு தெரு தாண்டிப் போய்த் தைத்துக்கொண்டார்கள்.

வழக்கு நடக்க ஒன்றரை வருடமானது. காவலரின் வழக்கறிஞர் டெய்லரை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்தார். நான் அன்று போயிருந்தேன். டெய்லருக்கு வண்டி ஓட்ட வராது என்பதை நிரூபிப்பதுதான் அவருடைய திட்டம். பதினோரு பாடம் படித்தும் க்ளட்ச் எது என்று தெரியாதவர்தானே நீங்கள் என்று கேட்டார். டெய்லர் ஒப்புக்கொண்டார். ஒரு தடவையாவது ஒழுங்காக நிறுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் டெய்லர். அப்படியென்றால் அன்றைக்கும் தப்பாகத்தானே செய்திருப்பீர்கள் என்றார் வழக்கறிஞர்.

"ஆமாங்கய்யா. எப்பவும் செய்யிற தப்பைத்தான் செஞ்சேன். வண்டி ஆஃப் ஆயிடுச்சு."

அரசு வழக்கறிஞர் அக்காவின் நோட்டைத் தாக்கல் செய்தார். நீதிபதி பத்துப் பாடத்தின் குறிப்பையும் சத்தமாகப் படித்தார். பத்தும் ஒரே வாக்கியம் என்று தெரிந்த பிறகும் கடைசி வரை படித்தார். டெய்லர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அக்காவிடம், துப்பாக்கிச் சூடு நடக்கிறபோது யாருக்கும் பதற்றத்தில் கண் சரியாகத் தெரியாது, அப்படியிருக்க விளக்கின் நிறத்தை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். விளக்கு எரிந்தது சுடுவதற்கு முன்னால், அப்போது தனக்குப் பதற்றம் எதுவும் இல்லை, ஒரு வண்டி தன்னை நோக்கிப் பின்னால் வந்தது, அவ்வளவுதான் என்றார் அக்கா. அரை நாள் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அரை நாளும் அதையேதான் சொன்னார்.

காவலர் கூண்டில் நின்று, தனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னார். அக்கா அதை நம்புகிறார். பயந்தவர்களை அவர் தினமும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் பிழைக்கிறார். பயந்தால் மனிதர்கள் கையில் எது இருக்கிறதோ அதை இறுக்கிப் பிடிப்பார்கள். "பயந்ததும் பொய் இல்ல, வேன் பின்னால போனதும் பொய் இல்ல" என்றார் என்னிடம். அதற்கு மேல் அந்த ஆளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வராந்தா பெஞ்சில் மெக்கானிக்கின் மனைவி அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதுவரை இருவரும் பேசியதில்லை. பள்ளியில் ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலை செய்கிறவர். கையில் ஏதோ அமிலம் பட்ட பழைய தழும்பு இருந்தது. தன் கணவர் கோபக்காரர்தான் என்றார். வீட்டில் கதவைச் சாத்தினால் இரண்டு வீட்டுக்குக் கேட்கும். வண்டி ஓட்டும்போது யாரையாவது திட்டாமல் வந்தது கிடையாது. எத்தனை தடவை சண்டை போட்டிருப்போம் இதுக்காக என்றார்.

"ஆனா அன்னிக்கு அவர் திரும்பிப் போகத்தானே பார்த்தார்?"

"ஆமாம்மா. பின்னாலதான் போனார்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"பின்னாலதான் போனார். சண்டையை விட்டுட்டுப் போனார்."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். உள்ளே கூப்பிட்டார்கள்.

கொலை என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. கொலையாகாத மரணம் விளைவித்ததாகக் காவலருக்கு ஏழு வருடம் கொடுத்தார்கள். மேல்முறையீடு செய்து பத்து மாதத்தில் ஜாமீனில் வந்தார். வழக்கு இன்னும் மேல் கோர்ட்டில் நிற்கிறது. வேலை போய்விட்டது. இப்போது ஒரு கிடங்கில் பாதுகாப்பு மேலாளராக இருப்பதாகச் சொல்கிறார்கள். டெய்லர் இப்போது ஆஸ்பத்திரிக் கோட்டுகள் தைக்கிறார். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை தேறி, மனைவியை முட்டி வைத்தியரிடம் தானே ஓட்டிக் கூட்டிப்போகிறார். வழி நெடுக மனைவிதான் கண்ணை மூடிக்கொள்கிறாராம்.

சென்ற மாதம் பள்ளியில் சேர ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் காவல்துறை என்று எழுதியிருந்தாள். முதலாளி படிவத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்து, வேறு ஆசிரியரிடம் போடலாமா என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்றார். அந்தப் பெண்ணை வண்டி வரைக்கும் கூட்டிப்போய், கதவைத் திறக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"துப்பாக்கி கொடுத்திருக்காங்களா?"

"கொடுத்திருக்காங்க மேடம்."

"இப்ப இருக்கா?"

அந்தப் பெண் தயங்கி, இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"நாளையிலேர்ந்து ஸ்டேஷன்லயே ஒப்படைச்சிட்டு வாங்க. இன்னிக்கு பாடம் கிடையாது."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் வந்தாள். ஒப்படைத்ததற்கான ரசீதைக் கேட்காமலேயே எடுத்துக் காட்டினாள். அக்கா அதை முழுதாகப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருக்கையை முன்னால் நகர்த்திக்கொள்ளச் சொன்னார். நன்றாகத்தான் ஓட்டுகிறாளாம். ஹாரன் மட்டும் கொஞ்சம் அதிகம்.